பதினாலாவது கேள்வி

சென்னை,
8.10.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

ஃபோன் செய்தால் "இன்ஜின் ஓடுது, அப்புறம் பேசு" என்கிறாய். அப்புறம் பேசினால் அம்மா பிடுங்கிக்கொண்டு நான் என்ன சாப்பிட்டேன் என்று விசாரிக்கிறாள். அதனால் கடிதம். இந்தக் காலத்தில் தபால் பெட்டியைத் தேடிப் போகிறவள் இந்த ஹாஸ்டலில் நான் ஒருத்திதான்.

இதோடு ஒரு பார்சலும் வரும். பிரித்ததும் திட்டாதே. அறுபது தாள், என் பி.எச்.டி.க்கான கேள்வித்தாள். ஆண் மீதே ஆசை வைக்கும் ஆண்களைப் பற்றிக் கடலோர ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் விஷயம். மொத்தம் பதினாறு கேள்வி. அப்படிப்பட்டவரோடு ஒரே தட்டில் சாப்பிடுவீர்களா, ஒரே படகில் தொழிலுக்குப் போவீர்களா, உங்கள் குடும்பத்தில் ஒருவர் அப்படி இருந்தால் வெட்கப்படுவீர்களா, இப்படிப் போகும். பதினாலாவதுதான் எனக்கு முக்கியம்: அப்படி ஒருவரை உங்களுக்கு நேரில் தெரியுமா? நேரில் தெரிந்தவர்களுக்கு வெறுப்பு குறைவாக இருக்கும் என்று ஒரு கருத்து உண்டு. அது நம் பக்கத்தில் நிஜமா என்று பார்க்க வேண்டும். பெயர் எழுத வேண்டாம், டிக் போட்டால் போதும்.

இதைத் தூக்கிக்கொண்டு நான் வீடு வீடாகப் போனால் அம்மா கடலில் இறங்கிவிடுவாள். உன் பட்டறைக்கு எல்லாப் படகுக்காரர்களும் வருகிறார்கள். நீதான் செய்து தர வேண்டும்.

இன்னொரு விஷயம். போலகத்துக் கோவிந்தராசு மாமா தன் பெண் காவ்யாவை உனக்குத்தான் என்று வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்? அவளுக்கு இருபத்தொன்று முடிகிறது, உனக்கு முப்பத்திரண்டு. தங்கச்சி வீட்டில் இருக்கும்போது அண்ணன் கட்டுவதா என்கிற பழக்கத்தை எனக்காகப் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா போன நாளிலிருந்து எனக்காகவே நின்றுவிட்டாய். எம்.ஏ. முடியட்டும் என்றாய், அப்புறம் எம்.ஃபில். என்றாய், பி.எச்.டி.க்கு விண்ணப்பம்கூட நீயே வாங்கி வந்தாய். இனிமேல் என்னைச் சொல்லித் தள்ளிப்போட முடியாது. இந்தத் தங்கச்சி உனக்குச் செய்கிற ஒரே நல்ல காரியம் இதுதான் என்று வைத்துக்கொள்.

உன் தங்கை,
சந்திரா


திருமலைராயன்பட்டினம்,
17.10.2007

சந்திராவுக்கு,

பார்சல் வந்தது. அம்மா முன்னால் பிரித்தது என் தப்பு. "என்னடா அது, பத்திரிகையா?" என்று கண்ணாடியைத் தேடினாள். படிப்புக் காகிதம் என்று சொல்லி ஸ்பேனர் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

கேட்கிறேன் என்று கோபப்படாதே. இதற்கு ஒரு ஆராய்ச்சியா? கடல் தண்ணீர் கரிக்கிறதா என்று தெருவில் அறுபது பேரை நிறுத்திக் கேட்கிற மாதிரி இருக்கிறது. யாரைக் கேட்டாலும் என்ன சொல்வான் என்று எனக்கே தெரியும். சேர்க்க மாட்டோம், சாப்பிட மாட்டோம், அப்படி ஆள் நம் ஊரில் கிடையாது, அவ்வளவுதான். அறுபதையும் நானே ஒரு மணி நேரத்தில் போட்டு அனுப்பிவிடுவேன். நீ அதை வைத்து டாக்டர் ஆகிவிடலாம்.

அந்தப் பதினாலாவது கேள்வியை எடுத்துவிட முடியாதா? யார் ஆமாம் என்று போடுவான்? போட்டால் பக்கத்தில் இருக்கிறவன் "யாருடா அது?" என்பான்.

அம்மாவிடம் சொன்னதைப் பற்றி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காத்திருக்கிறேன் என்று உன்னிடம் எப்போதாவது அலுத்துக்கொண்டேனா? இப்போது அம்மா காலண்டரை ஆணியோடு கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். மாமா நேற்று மீன் வண்டியை நம் வாசலில் நிறுத்தி அரை மணி பேசிவிட்டுப் போனார். நீ நல்லது என்று நினைத்துத்தான் செய்தாய். எனக்குத்தான் எரிச்சலாக இருக்கிறது. ஏன் என்று கேட்காதே.

தாளைக் கொடுக்கிறேன். மற்றதை நீ வரும்போது பேசலாம்.

கலைவாணன்


சென்னை,
25.10.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கு இரண்டு கோபம். முதலில் சுலபமானதை எடுத்துக்கொள்கிறேன்.

போன ஆடியில் மாரிக்கண்ணு அண்ணன் படகு நின்றுபோனதே, ஞாபகம் இருக்கிறதா? கரையில் இருந்த அத்தனை பேரும் டீசல் தெளிக்கிற நாசில் அடைப்பு என்றார்கள். அது தெரியாதா என்றார்கள். நீ ஒன்றும் பேசாமல் கழற்றினாய். நாசில் சுத்தமாக இருந்தது, டீசல் டாங்கில்தான் தண்ணீர். எல்லாரும் சொல்கிறார்களே என்று நாசிலை மாற்றிக் கையில் கொடுத்திருந்தால் அவர் கடல் நடுவில் மறுபடி நின்றிருப்பார். நான் செய்வதும் அதேதான். எல்லாரும் சொல்வதைக் கழற்றிப் பார்க்கிறேன். பார்த்த பிறகு நாசில்தான் என்றால் நாசில்தான், எனக்கு என்ன வந்தது?

எங்கள் மேடம் வகுப்பில் ஒரு வேடிக்கை செய்தார். பாதிப் பேரிடம், "இப்படிப்பட்டவர்களை நேரில் தெரிந்தவர்களுக்கு வெறுப்பு குறைவு" என்று எழுதிய சீட்டைக் கொடுத்தார். மீதிப் பேரிடம், "நேரில் தெரிந்தவர்களுக்குத்தான் வெறுப்பு அதிகம்" என்று எழுதியது. இரண்டு பக்கமும், "இது தெரிஞ்ச விஷயம்தானே மேடம்" என்றார்கள். பின் வரிசையில் ஒருவன் எழுந்து, யார் ரொம்பக் கத்துகிறானோ அவனே உள்ளுக்குள் அப்படித்தான், இது உலகத்துக்கே தெரியும் என்றான். அதற்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். எதிரும் புதிருமாக இருக்கிற இத்தனையும் எப்படி எல்லாருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும்? சோதித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். பார்த்தாலும் சில சமயம் குழப்பம்தான் மிஞ்சும்.

அதனால் பதினாலாவது கேள்வி இருக்கட்டும். மூன்றே மூன்று விதி: நீ சொல்லிக்கொடுக்காதே, எட்டிப் பார்க்காதே, அவர்களை ஒருவரோடு ஒருவர் பேச விடாதே.

இரண்டாவது கோபம் எனக்குப் புரியவில்லை. காவ்யாவைப் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் சொல், அம்மாவிடம் நான் பேசுகிறேன். "ஏன் என்று கேட்காதே" என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

சந்திரா


திருமலைராயன்பட்டினம்,
12.11.2007

சந்திராவுக்கு,

அறுபதும் அனுப்பிவிட்டேன். தீபாவளிக்கு மறுநாள் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. நான் பயந்தது மாதிரி யாரும் அடிக்க வரவில்லை. மாரிக்கண்ணு அண்ணனே முன்னால் நின்று நடத்திக் கொடுத்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் கஷ்டம் இல்லாமல் போய்விட்டது. நானும் ஒன்று போட்டேன், எண்ணிக்கை குறையக் கூடாது என்று.

காவ்யா நல்ல பெண். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் பேச்சு வர மாட்டேன் என்கிறது.

நெத்திலிக் கருவாடு வைத்திருக்கிறேன். ஹாஸ்டலில் நாறுகிறது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கும் இரண்டு கொடு.

கலைவாணன்


சென்னை,
20.11.2007

அண்ணனுக்கு,

பேச விடாதே என்று எழுதினேனா இல்லையா? யார் நிரப்பினார்கள் இதை?

ஐம்பத்தொன்பது தாள் அச்சடித்த மாதிரி ஒரே பதில். ஒரே தட்டில் சாப்பிட மாட்டேன், ஒரே படகில் போக மாட்டேன், வெட்கப்படுவேன், ஊரை விட்டு அனுப்ப வேண்டும், தெரியாது. அடித்தல் திருத்தல்கூட இல்லை. மேடம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், "உங்க ஊர்ல எல்லாரும் ஒரே தேர்வு ஹாலா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாத வேலை, அண்ணா.

அறுபதாவது தாள்தான் என்னைத் தூங்க விடவில்லை. அதிலும் எல்லாம் ஊரோடு ஒத்த பதில்தான். சாப்பிட மாட்டேன், போக மாட்டேன், அனுப்ப வேண்டும். பதினாலாவது கேள்விக்கு மட்டும் "ஆம்". அப்படி ஒருவரை எனக்குத் தெரியும்.

நான் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். தெரிந்தவர் மென்மையாக இருக்க வேண்டும். இவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனாலும் கடைசி வரைக்கும் கடுமை. யார் இவர்? வேண்டாம், சொல்லாதே. சொன்னால் அது தப்பு. ஆனால் நடந்தது என்ன என்று மட்டும் ஒளிக்காமல் எழுது.

சந்திரா


திருமலைராயன்பட்டினம்,
28.11.2007

சந்திராவுக்கு,

நீ பட்டணத்திலேயே இருந்து நம் ஊருக்கு ஃபாரம் என்றால் என்ன என்று மறந்துவிட்டாய். சுனாமி முடிந்த வருஷம் எத்தனை ஃபாரம் வந்தது? படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, மனசு சரியாக இருக்கிறதா என்று கேட்க ஒன்று. ஒருவன் ஒரு மாதிரி எழுதினான், அவனுக்கு மட்டும் வலை வந்தது, அண்ணன் தம்பிக்குள் மண்டை உடைந்தது. அதன் பிறகு தெருப் பஞ்சாயத்தில் வைத்த கட்டு: எந்த ஃபாரம் வந்தாலும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் ஒரே பதில். கிடைத்தால் எல்லாருக்கும் கிடைக்கட்டும். அதனால்தான் இன்றைக்கும் ஒருவன் வீட்டு வாசலை ஒருவன் மிதிக்கிறான்.

உன் தாளை முதலில் நான்கு பேரிடம் கொடுத்தேன். நான்கு பேரும் நேராகப் பஞ்சாயத்தில் இருக்கிற மாரிக்கண்ணு அண்ணனிடம் கொண்டுபோய்விட்டார்கள். மண்டபத்தில் கூட்டம் கூடிவிட்டது. அவர் சத்தமாக வாசித்தார். முதல் கேள்விக்கே சிரிப்பு. "இதுக்கு என்ன தருவாங்க?" என்று ஒருவன் கேட்டான். "ஒண்ணும் தர மாட்டாங்க, படிப்புக்குத்தான்" என்றேன். "அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றார் மாரிக்கண்ணு அண்ணன். "எவனாச்சும் மாத்திப் போட்டு அவனுக்கு மட்டும் எதாச்சும் வந்துச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? எல்லாரும் ஒண்ணாப் போடுங்க." சாப்பிடுவீர்களா என்றார். மாட்டோம் என்றது கூட்டம். அறுபது பேனா ஒன்றாக ஓடியது. நான் என்ன செய்ய முடியும்?

அந்த ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிடு. நெரிசலில் எவனுக்கோ கை தவறியிருக்கும்.

பரிசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். தை பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை. மாமா வீட்டில் புடவைகூட எடுத்தாகிவிட்டது. நீ ஆசைப்பட்ட மாதிரி.

கலைவாணன்


சென்னை,
6.12.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் வெட்கமாக இருந்தது. அந்தக் கட்டு எனக்குத் தெரியும். சுனாமி வருஷம் நம் வீட்டு ஃபாரமும் அந்த மண்டபத்தில்தான் நிரம்பியது. இங்கே வந்து உட்கார்ந்ததும் எப்படி மறந்துபோனேன் என்று தெரியவில்லை. உன்மேல் எரிந்து விழுந்ததை மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஆனால் அந்தத் தாளைக் கிழிக்க மாட்டேன். நமக்கு ஒத்து வராத தாளைக் கிழிப்பதாக இருந்தால் ஆராய்ச்சியே தேவையில்லை, மாரிக்கண்ணு அண்ணன் போதும்.

கை தவறியிருக்கலாம். அப்படித்தான் நானும் நினைத்தேன். மேடம் சொன்னார்: "அவரே அப்படிப்பட்டவரா இருக்கலாமே? தனக்குத் தன்னைத் தெரியும் இல்லையா?" பக்கத்தில் இருந்த இரண்டு பேரும், அது தெரிந்ததுதானே என்கிற மாதிரி பார்த்தார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகப் படவில்லை. ஒரு தாளை வைத்து எதையும் சொல்லக் கூடாது. ஆனாலும் அந்த மனிதரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து பதினைந்து கேள்விக்கு ஊரோடு போயிருக்கிறார், ஒன்றுக்கு மட்டும் தனியாக நின்றிருக்கிறார். பயம் என்றால் அதற்கும் "தெரியாது" என்று போட்டிருக்கலாமே. பயம் இல்லை என்றால் மற்றதை ஏன் அப்படிப் போட்டார்? யாருக்குச் சொல்வதற்காக அந்த ஒரு டிக்? எனக்குத் தலை சுற்றுகிறது. யாரோ எவரோ, பாவம்.

மறுபடி செய்யலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். இந்த முறை எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும். ஒருவர் ஒருவராக, உன் பட்டறைக்குப் பின்னால், சாக்கு மறைப்புக்குள். நிரப்பி, கவரில் போட்டு ஒட்டி, ஒரு பழைய ஐஸ் பெட்டியில் வாய் வெட்டி அதில் போடட்டும். நீ திறக்காதே. பஞ்சாயத்தாரிடம் முன்னாலேயே நீ போய்ச் சொல்லிவிடு, இதற்கு எதுவும் வராது, யாருக்கும் வராது என்று.

பரிசத்துக்கு நான் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவேன். "நீ ஆசைப்பட்ட மாதிரி" என்று எழுதியிருக்கிறாய். நீ ஆசைப்படவில்லையா?

சந்திரா


திருமலைராயன்பட்டினம்,
7.1.2008

சந்திராவுக்கு,

பெட்டியை அப்படியே கட்டி லாரி ஷெட்டில் போட்டிருக்கிறேன். ஐம்பத்தேழு கவர். டிசம்பர் இருபத்தாறு சுனாமி நாள், யாரும் கடலுக்குப் போகவில்லை, கடலில் பால் ஊற்றிவிட்டு அவரவர் வீட்டில் இருந்தார்கள். மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். மறைப்புக்குள் போனவன் உடனே வரவில்லை. இரண்டு நிமிஷ வேலைக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்தான். வெளியே வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அது புதிதாக இருந்தது.

நான் இந்த முறை போடவில்லை. போட வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இதை மட்டும் கிழிக்கப் போவதில்லை.

கை தவறவில்லை. அந்தத் தாள் என்னுடையது.

ஒரே தட்டில் சாப்பிடுவீர்களா என்று மாரிக்கண்ணு அண்ணன் வாசித்தபோது எல்லாரும் மாட்டோம் என்றார்கள், நானும் மாட்டேன் என்று போட்டேன். போடும்போது கபீர் ஞாபகம் வந்தது. காரைக்காலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தானே, நம் வீட்டுக்கு வந்தால் அம்மா கையால் வாங்கிச் சாப்பிடுவானே, அந்தக் கபீர். அவன் தங்கச்சி நிக்காஹ்வில் நாலு பேர் ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரிய தட்டு, நடுவில் கறி. அவன் தன் பக்கத்துக் கறியை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. அவன் ஷார்ஜா போய் மூன்று வருஷம் ஆகிறது, கல்யாணமும் முடிந்துவிட்டது. அவனுக்கு இது தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் அந்தத் தட்டை நினைத்துக்கொண்டு "மாட்டேன்" என்று போட்டேன். பதினாலு வந்தபோது பேனா நகரவில்லை. எல்லாவற்றிலும் பொய் சொல்லிவிட்டேன், இதில் ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று தோன்றியது. நீ படிப்பாய் என்று தெரியும். நான் என்று உனக்குத் தெரியக் கூடாது என்றும் நினைத்தேன். இரண்டையும் எப்படி ஒன்றாக நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. உனக்காக நின்றேன் என்று எழுதினாயே, அதைப் படித்த நாளிலிருந்து நெஞ்சை அறுக்கிறது. நீ எம்.ஏ. படித்தால் எனக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. எம்.ஃபில். ஒரு வருஷம். பி.எச்.டி. ஐந்து வருஷம் இழுக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் விண்ணப்பம் வாங்கினேன். உன் படிப்புக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தேன். பாசம் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. நீதான் கழற்றிப் பார்க்கிறவள், பார்த்துச் சொல்.

நான் இப்படித்தானா என்றுகூடச் சில நாள் சந்தேகம் வருகிறது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்வது சரியாக இருக்குமோ என்றும் தோன்றுகிறது. பரிசத்துக்கு இருபது நாள் இருக்கிறது. நீ கட்டிக்கொள் என்றால் கட்டிக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் மாமா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியாது.

ஒரு வெற்றுத் தாள் மிச்சம் இருந்தது, இதோடு வைத்திருக்கிறேன். ஊர் முழுக்கக் கேட்டாய், உன்னைக் கேட்டுக்கொண்டாயா? நிரப்பி அனுப்பு. மண்டபத்தில் போடுகிற மாதிரி போடாதே.

கலைவாணன்


சென்னை,
17.1.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. பொங்கலுக்கு நான் வராததற்கு வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

தாளை நிரப்பிவிட்டேன். ஒரே தட்டில் சாப்பிடுவீர்களா: ஆம். இதற்கு யோசிக்கவே இல்லை. ஒரே படகில் போவீர்களா: ஆம், நீ இருந்தால்தான் நான் படகில் ஏறுவேன். ஊரை விட்டு அனுப்ப வேண்டுமா என்ற கேள்வியை எழுதிய என் கையை உடைக்கலாம் போல இருந்தது. வெட்கப்படுவீர்களா என்பதில் நின்றுவிட்டேன். இல்லை என்று போட ஆசை. இத்தனை படித்தவள் இல்லை என்றுதானே போட வேண்டும்? அப்படிப் போட்டால் அது மண்டபத்தில் போடுகிற டிக். ஹாஸ்டலில் யாராவது "உங்க அண்ணன் என்ன பண்றார்?" என்று கேட்டாலே இந்த ஒரு வாரமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அதனால் ஆம் என்று போட்டேன். வெட்கப்பட்டதற்காக இன்னொரு வெட்கம் வந்தது, அதற்குத் தாளில் கட்டம் இல்லை. பதினாலு: ஆம்.

நேரில் தெரிந்தவருக்கு வெறுப்பு குறைவு என்பதுதானே என் கருத்து? என்னை வைத்துப் பார்த்தால் வெறுப்பு கொஞ்சமும் இல்லை, வெட்கம் நிறைய இருக்கிறது, பயம் அதைவிட அதிகம். இதை எந்தப் பட்டியலில் போடுவது என்று மேடத்திடம் கேட்க முடியாது. கேட்கவும் மாட்டேன். உன் பெயர் என் வாயிலிருந்து போகாது.

என் படிப்புக்குப் பின்னால் ஒளிந்தேன் என்று எழுதியிருக்கிறாய். முதலில் கோபம் வந்தது. பத்து வருஷமாக என் அண்ணன் தியாகி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒரு நாளாவது உன்னைக் கேட்டேனா? அது தெரிந்த விஷயம், கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். நாசிலை மாற்றிக் கையில் கொடுத்தது நான்தான். கேட்காமலே அம்மாவிடம் சொல்லி உன்னை இந்த நாள் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்ததும் நான்தான். பாசம் எவ்வளவு, ஒளிந்தது எவ்வளவு என்று நான் பிரிக்கப் போவதில்லை. எனக்குப் படிப்பு கிடைத்தது, அது நிஜம்.

கட்டிக்கொள் என்று சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாரும் கழற்றிப் பார்த்ததில்லை. அதைக் காவ்யாவை வைத்துச் சோதிக்க நமக்கு என்ன உரிமை? ஆனால் என் படிப்பை இன்னொரு முறை காரணம் காட்டவும் விட மாட்டேன். வரும் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். நாம் இரண்டு பேரும் போலகம் போகலாம். எனக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை என்று மாமாவிடம் நீ சொல். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. திட்டு விழும், உறவு விட்டுப்போனாலும் போகும். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

பெட்டியைத் திறந்தோம். எண்ணிக்கை மட்டும் சொல்லலாம், அது தப்பில்லை. ஐம்பத்தேழில் பதினொரு பேர் பதினாலாவது கேள்விக்கு ஆம் என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பதினொன்றில் ஆறு பேர் மென்மை, ஐந்து பேர் கடுமை. தெரியாது என்று போட்டவர்களிலும் சாப்பிடுவேன், படகில் சேர்த்துக்கொள்வேன் என்று நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் தெளியவில்லை.

சந்திரா


திருமலைராயன்பட்டினம்,
11.2.2008

சந்திராவுக்கு,

நீ பஸ் ஏறிய பிறகு அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் "குழம்பு ஆறுது" என்றாள், அது என்னிடம்தான் சொன்னது என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா வண்டி இப்போது நம் தெரு வழியாக வருவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. அன்றைக்கு அவர் "காரணம் சொல்லுடா" என்று எழுந்தபோது நீ வாயைத் திறக்கப் போனாய், நான் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். வலித்திருக்கும். கோபத்தில் பிடிக்கவில்லை. நான் சொல்ல வேண்டியதை நானே சொல்லவேண்டும் என்றுதான். "எனக்கு விருப்பம் இல்லை மாமா, காரணம் அவ்வளவுதான்" என்றதும் அவர் வெற்றிலைத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். காவ்யா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாளே, அதை நான் குடிக்கவில்லை. இப்போது அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது, குடித்திருக்கலாம்.

நிம்மதியா என்று கேட்டால் தெரியவில்லை. தூக்கம் வருகிறது, அது முன்னால் வராது.

நீ எழுதிய கணக்கு என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. பதினொரு பேர். நம் ஊரில் அப்படி ஆளே கிடையாது என்று நானே உனக்கு எழுதினேன். அந்தப் பதினொரு பேரும் என்னைத்தான் சொல்கிறார்களா? இல்லை, பதினொரு பேருக்கும் வேறு வேறு ஆளைத் தெரியுமா? இல்லை, அதில் என்னைப் போல் தன்னையே சொன்னவன் யாராவது இருக்கிறானா? யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருஷம் ஒளிந்திருந்தேன். ஊருக்குத் தெரிந்துதான் என்னிடம் இன்ஜினைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்ததா? பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன், ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இன்று காலையில் மாரிக்கண்ணு அண்ணன் வந்தார். போலகத்து விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கும், ஊரில் எல்லாருக்கும் போய்விட்டது. ஏன் என்று கேட்பார் என்று கையில் ஸ்பேனரோடு நின்றேன். நாசிலோடு இன்ஜெக்டரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பெஞ்சின் மேல் வைத்தார். கையோடு கொண்டுவந்த டீயை என் டம்ளரில் பாதி ஊற்றினார், மீதியை அவர் குடித்தார்.

"எல்லாரும் ஒண்ணு சொல்றானுவ. நீ கழட்டிப் பாத்துச் சொல்லு தம்பி" என்றார். போய்விட்டார்.

அவர் பதினொன்றில் ஒருவரா, நாற்பத்தாறில் ஒருவரா? எனக்குத் தெரியவில்லை, சந்திரா. டீயைக் குடித்துவிட்டு இன்ஜெக்டரைக் கழற்ற ஆரம்பித்தேன்.

உன் அண்ணன்,
கலைவாணன்